மூச்சக்காவின் முதல் நாவல்

“மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம், விடுங்க.”

பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இந்த மூன்றையும் ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்வது அவளுடைய தொழில். இருபத்தாறு வருடமாகச் சொல்கிறாள். அதனால் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

எலும்பு ஒடிந்து கூடிய இடம் படத்தில் தடித்துத் தெரியும். படியில் விழுந்துவிட்டேன் என்று வருகிற பெண்ணின் விலாவில் மூன்று பழைய முறிவுகள் இருந்தால், அந்தப் பெண் மூன்று தடவையாவது அதே படியில் விழுந்திருக்க வேண்டும். படம் எடுப்பவர் நோயாளியிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, சொல்வது டாக்டரின் வேலை என்பது விதி. மூச்சக்கா விதியை மீறியதில்லை. ஆனால் சீட்டின் ஓரத்தில் ‘பழைய முறிவுகள் உள்ளன, தனியாக விசாரிக்கவும்’ என்று பென்சிலால் எழுதிவிடுவாள். டாக்டர் அதைக் கவனிக்காவிட்டால் சீட்டும் கையுமாக அவர் அறைக்கே போய் நிற்பாள். அவர் விசாரிக்கும் வரை நகர மாட்டாள். இந்தப் பிடிவாதத்துக்கு டாக்டர்கள் சிலர் பயந்தார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இப்படிப்பட்டவள் நாவல் எழுதுகிறாள் என்பது ஏழு வருடம் யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் இயந்திரம் வந்தபோது பழைய ஃபிலிம் உறைகள் கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடந்தன. பழுப்பு உறை, ஒரு பக்கம் முழுக்கக் காலி. ஒரு டோக்கன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், அடுத்த டோக்கன் உள்ளே வருவதற்குள் நாலு வரி. கூட்டமில்லாத நாளில் அரைப் பக்கம். முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகள் நிரம்பியபோது கதை முடிந்திருந்தது.

மரக்கிடங்கு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பன் மகனுடைய எலும்பை ஒடிக்கிறான். ஒவ்வொரு தலைமுறையிலும் வீடே சேர்ந்து ஒரே பதிலைச் சொல்கிறது. நாவலின் பெயர் ‘படியில் விழுந்தவர்கள்’.

முதலில் படித்தவர் கணவர். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை, வீடு வீடாக ஏறி இறங்கிச் சிரித்துப் பேசுகிற சுபாவம். நூறு உறை தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இதுல ஒருத்தராவது சிரிக்கிறாங்களா?” என்று கேட்டார். அவருக்காகவே ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கிளியைச் சேர்த்தாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அதுவும் செத்தது. டைப் அடித்துக் கொடுத்த கடைக்காரப் பெண்ணோ, கதையில் இரண்டாவது பையனை மட்டும் அடிபடாமல் விட்டுவிடும்படி சிபாரிசுக்கு வந்தாள். மூச்சக்கா பிடி கொடுக்கவில்லை.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த பதிப்பாளர், டைப் அடித்த பிரதியை வாங்கிய மூன்றாம் நாளே கூப்பிட்டு அனுப்பினார். முப்பது வருடம் புத்தகம் போட்டவர், சுலபத்தில் வாயைத் திறந்து பாராட்டாதவர். ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை என்றார். அட்டைப்படம் வரையக் கொடுத்துவிட்டார். அச்சகத்தில் தேதியும் வாங்கிவிட்டார். அப்போதுதான் அவள் அந்த நிபந்தனையைச் சொன்னாள்.

ஏழாம் அத்தியாயத்தில் முன்கை ஒடிகிற பதின்மூன்று வயதுப் பையன் அவளுடைய அண்ணன். அப்போது அவளுக்கு ஒன்பது. மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது, சொல்லிக் கொடுத்தபடி, “படியில விழுந்துட்டான்” என்று சொன்னவளும் அவள்தான். அதனால்தான் எக்ஸ்ரே வேலைக்கு வந்தீர்களா என்று பதிப்பாளர் ஆவலாகக் கேட்டார். இல்லை, அந்தப் படிப்பில்தான் இடம் கிடைத்தது என்றாள். அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. அண்ணன் இருக்கிறார். அவர் சரி என்றால்தான் புத்தகம்.

“வேண்டாம்னு சொல்லிட்டா?”

“வேண்டாம்தான் சார்.”

“ஏழு வருஷ உழைப்பும்மா.”

“கை அவரோடது.”

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் எந்த அத்தியாயத்தில் வருகிறார் என்று சொல்லாமலேயே வந்துவிட்டாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. வழக்கமாக ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவர், மூன்று ஞாயிறும் செய்யவில்லை. அந்தக் கை எது என்று இன்றைக்குப் படமெடுத்தாலும் தெரியாது. குழந்தை எலும்பு வளர வளரத் தன்னைத் தானே நேராக்கிக்கொண்டு, ஒடிந்த தடத்தையே அழித்துவிடும். நடந்ததற்கு இரண்டு பேர்தான் சாட்சி. அதில் ஒருவர் வாயே திறக்கவில்லை.

அச்சகத் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, “நாப்பத்தொண்ணு” என்று அவள் குரல் கொடுக்க, காக்கிச் சட்டையோடு அண்ணன் உள்ளே வந்தார். கையில் டோக்கன், கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் நாவல்.

“டோக்கன் எதுக்கு வாங்கின?”

“பின்ன? சும்மா வந்தா உன் ஆளுங்க உள்ள விடுவாங்களா? ஒரு பாட்டி முறைச்ச முறையில நானே பயந்துட்டேன்.”

படுக்கவைத்துப் படமெடுக்கும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார். அப்பா கிடங்கிலிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற சத்தத்தை எழுதியிருந்த இடத்தில் பிரதியை மூடிவிட்டு, அன்றைய டிரிப்பை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாராம்.

“ஆனா ஒண்ணு தப்பு, பாப்பா.”

“எது?”

“அந்தப் பையன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு சும்மா இருந்தான்னு எழுதியிருக்க. நான் சும்மா இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.”

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“நான் கத்தலைன்னு போட்டா, அக்கம்பக்கத்துல யாரும் வராததுக்கு அதுதான் காரணம்னு ஆயிடும். காரணம் அது இல்லை. ஏன் வரலைன்னு உனக்குத் தெரியும்ல?”

தெரியும். நாற்காலி போட்டு ஏறி ஜன்னலைச் சாத்தியவள் அவள்.

“நான் குத்தம் சொல்ல வரலை. ஒன்பது வயசுப் பொண்ணு, அப்பா சொன்னதைச் செஞ்ச. அம்மா பாவம், பின்கட்டுல இருந்தாங்க, அவங்களுக்கே தெரியாது. அதை நீ சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா மூணு தலைமுறையில இத்தனை பேர் வர்றாங்களே, நீ எங்க? வீட்டுல ஒரு பொம்பளைப் புள்ளைகூட இல்லையே. படம் எடுக்கும்போது சுவத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்குற மாதிரி அங்கயும் நின்னுக்கிட்டியா?”

மூச்சக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவைத் தட்டி, நாற்பத்திரண்டு எப்போது என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

“என் கையைப் போடு, என் சத்தத்தையும் போடு. கூடவே நீயும் வந்து நில்லு. இல்லைன்னா வேண்டாம்” என்றார் அண்ணன். ஒன்று பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

நாற்பத்திரண்டை அவள் மூச்சை இழுக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள். விடச் சொல்ல மறந்துபோனாள். அந்தப் பெரியவர் முகம் சிவந்து கையை ஆட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

அன்று மதியமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டயர் கடை மாடிக்கு ஏறினாள். ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றதும் பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அச்சகக்காரன் தன்னைத் தின்றுவிடுவான் என்றார். பிறகு நாட்காட்டியைப் பார்த்து, நாலு நாளோடு இன்னும் பத்து நாள் வாங்கித் தந்தார்.

ஏழு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு உறை எழுதியவளுக்கு இந்தப் பதினொரு பக்கம் முழுசாகப் பதின்மூன்று நாள் பிடித்தது. நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஆடுகிறது. ஒன்பது வயதுப் பெண் அதன் மேல் ஏறுகிறாள். பையனுடைய சத்தம் முதுகில் படுகிறது. எதிர்வீட்டுக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கையில் துணியோடு அப்படியே நின்று ஜன்னலைப் பார்க்கிறார். பெண் அவரைப் பார்க்கிறாள். இடது கதவு, வலது கதவு, இரண்டையும் சாத்தித் தாழ் போடுகிறாள்.

கடைசி நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் அதை அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். பணிமனையில் வண்டிகள் உறுமும் சத்தத்துக்கு நடுவே அவர் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

“நல்லா இருக்கு, பாப்பா. இப்பதான் சரியா இருக்கு. குடுத்துடு.”

“இல்லண்ணா. சரியா இல்லை.”

“இன்னும் என்ன?”

“ஒரு கதவைத்தான் நான் சாத்தினேன். இன்னொண்ணு எட்டலை. அம்மா வந்து சாத்தினாங்க. சாத்தச் சொன்னதும் அவங்கதான், அப்பா இல்லை. நீ சுவர் பக்கம் திரும்பிக் கிடந்த, உனக்குத் தெரியாது.”

கடைசி ஆறு வருடம் அம்மாவைத் தன் வீட்டில் வைத்து, தன் கையால் சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தப் பக்கம் யாரோ அவரை வண்டியை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

“நீ சொன்னா அதை விட்டுடறேன்ணா” என்றாள். “ரெண்டையும் நானே சாத்தினதா இருக்கட்டும்.”

“எத்தனை மணிக்குக் குடுக்கணும்?”

“சாயந்திரம் அஞ்சுக்கு.”

“அப்ப லீவு போடு” என்றார் அண்ணன். “உக்காந்து எழுது.”