அப்பாவுக்கு வராத ஒப்பாரி

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் எனக்கு ஆள் வரும். பட்டு நூல் இழைப்பது பிழைப்பு. ஒப்பாரி நானாகக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. பெண்கள் வட்டமாகத் தோள் கோத்து உட்காருவார்கள். நான் அடி எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். செத்தவரைப் பற்றி நாலு விஷயம் கேட்டுக்கொண்டால் போதும், கட்டிவிடுவேன். "இவ பாடினா செத்தவனே எழுந்து இன்னொரு பாட்டு கேப்பான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும்.

அரிசிப் பஞ்சத்தில் ரேஷனுக்கு வரிசையில் நின்ற காலத்தில், பக்கத்துத் தாமல் கிராமத்தில் என் அப்பா இறந்துபோனார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்களை விட்டுவிட்டு அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவர். அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காஞ்சிபுரம் வந்தால் மட்டும் எங்கள் தெரு வழியாகத்தான் சைக்கிளில் போவார். வாசலுக்கு நேரே வந்ததும் மணி அடிப்பார். நிற்கமாட்டார். நான் ஓடி வருவதற்குள் முதுகுதான் தெரியும்.

பஸ்ஸில் போகும்போதே தீர்மானித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் இல்லாததைச் சேர்த்துப் பாடியாயிற்று. இவருக்கு உள்ளதை மட்டும்தான் பாடுவது.

சாவு வீட்டில் அப்பாவின் இரண்டாம் சம்சாரத்தின் மகள், எனக்குத் தங்கச்சி, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டியா அக்கா, நீதான் எடுத்துக் குடுக்கணும்." உட்கார்ந்து எடுத்தேன்.

"மணியடிச்சிக்கினு போனியே அப்பா,
வாசல்ல கால் ஊனலியே,
முதுகப் பாத்தே வளந்தேனே."

ஒருத்தியும் சேரவில்லை. மறுபடி பாடினேன். கோத்த தோள்களெல்லாம் ஆடாமல் அப்படியே நின்றன. அப்பாவின் தங்கை, என் அத்தை, விலாவில் இடித்தாள்.

"என்னாம்மா இது, பஞ்சாயத்துல பிராது குடுக்கறா மாதிரி இருக்குது. ஊர்ப் பொணத்துக்கெல்லாம் பாடிக்கினு இருந்தே, பெத்தவனுக்கு வாய் வரலியா? சீர் செஞ்சத சொல்லிப் பாடு."

"என்ன சீர் செஞ்சாரு அத்தே?"

"அவன் எழுந்து வந்து இல்லன்னா சொல்லப் போறான்? பாடுமா."

தங்கச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழகிப்போன வாய், தானாக வந்துவிட்டது.

"மயில்கழுத்துப் பட்டெடுத்து
மடியில வச்சி குடுத்தியே அப்பா."

அவ்வளவுதான். வட்டம் முழுக்க மாரடித்து அழுதது. அதுகூடப் பரவாயில்லை, நானும் அழுதேன். மணிக்கு வராத கண்ணீர், அவர் எடுத்தே தராத சேலைக்கு வந்தது. திரும்பி பஸ் ஏறும்வரை என்மேலேயே எனக்கு எரிச்சல்.

அதோடு விட்டார்களா? இப்போது எந்தச் சாவுக்குப் போனாலும், "தாமல்ல பாடினியே மயில்கழுத்துப் பட்டு, அத எடும்மா" என்கிறார்கள். பாடித் தொலைக்கிறேன்.

அந்த மணிப் பாட்டை நூல் இழைக்கும்போது எனக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். நாலாவது அடி அமைய மாட்டேன் என்கிறது. "செத்தவர விட்டுத் தொலையேன்" என்கிறார் வீட்டுக்காரர். வருஷக்கணக்கில் அலுத்துப்போய், ஒருநாள் தங்கச்சியிடமே கேட்டேன்: எங்கள் தெருவைப் பற்றி அப்பா ஏதாவது சொல்வாரா?

"ஒண்ணும் சொல்ல மாட்டாருக்கா. என்ன சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சிக்கினு ஏரிக்கரை பூரா சுத்துவாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அடி அங்கேயே கிடைத்துவிட்டது, அவள் சொன்ன மாதிரியே, தாளம் தப்பாமல். வாய்விட்டுப் பாடினால் அவள் காதுக்குப் போகும். அவள் என்ன செய்தாள், பாவம். மூன்றடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.