சங்கவியின் குரல்: விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு நாள்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் போய்வர நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி, வண்டி, சாப்பாடு எல்லாம் சொல்கிறேன். கூடவே நான் தலைகுனிந்த கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விழுப்புரத்துக்கு வெளியே ஏழு கிலோமீட்டரில் எங்கள் நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் பத்தொன்பது பேர். ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில், திண்டிவனத்தில் வேலை பார்க்கும் கலைவாணி டீச்சரும் நானும் ஓர் ஏற்பாடு செய்தோம். இரண்டு வகுப்பிலும் பிள்ளைகள் ஜோடி சேர்ந்து, வெள்ளிக்கிழமைதோறும் ஒருவருக்கொருவர் குரல் பதிவு அனுப்ப வேண்டும். வீடியோ கிடையாது, முகத்தை நேரில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தோம். அங்கே பதினெட்டுப் பேர்தான், அதனால் எங்கள் நிவேதாவுக்கு ஜோடி இல்லை. அவளை ரெக்கார்டிங் வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

சங்கவிக்கு ஜோடி ஷமீமா. முதல் பதிவில் சங்கவி, "எங்க கன்னுக்குட்டி மல்லாட்டைய துன்னுக்கினே இருக்கும், அடிச்சாலும் போவாது" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியூர்ப் பள்ளிக்குப் போகிற பதிவில் மல்லாட்டையா, நிலக்கடலை என்று சொல் என்றேன். ஐந்து முறை திரும்பப் பேச வைத்தேன். மற்ற பிள்ளைகள் நான் திருத்தியபடி பேசிவிட்டார்கள், இவளுக்கு ஐந்தாவது முறையும் மல்லாட்டைதான் வந்தது. கடுப்பில், அவள் சொன்னதை நானே நல்ல தமிழில் எழுதி நிவேதாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சங்கவி பெயரில் அது போனது. அடுத்த வாரமும் அப்படியே. ஜூலையிலிருந்து எட்டுப் பதிவுகள். கதை சங்கவியுடையது, குரல் நிவேதாவுடையது. இத்தனைக்கும் என் வீட்டில் நானே 'இன்னா'தான் பேசுகிறவன்.

காலாண்டு விடுமுறை முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வேன் வாடகை டீசலோடு 3,800 ரூபாய், டோல் தனி. பள்ளி வாசலில் 8.10. "ஜல்தி ஏறுங்க சார், டோல்கேட்டுல மாட்டிக்கினா பேஜாரு" என்று டிரைவர் ஏழுமலை விரட்டினார். சொன்னபடியே விக்கிரவாண்டி டோலில் பதினைந்து நிமிடம் போனது. கூட்டேரிப்பட்டில் பத்து நிமிடம் நிறுத்தி டீ, பிள்ளைகளுக்கு பிஸ்கட். சங்கவி மடியில் ஒரு மஞ்சள் பை. என்னம்மா என்று கேட்டேன். "ஷமீமாவுக்கு சார். காலைல அவிச்சது" என்றாள். அவித்தது என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. நான் திருத்துவேன் என்று பயந்திருப்பாள். திண்டிவனம் பள்ளிக்குள் நுழையும்போது 9.35. மொத்தம் 45 கிலோமீட்டர்.

கலைவாணி டீச்சர் வரவேற்கும்போதே, "உங்க பசங்க நியூஸ் வாசிக்கிற மாரியே பேசறாங்களே சார், எங்க பசங்க கிண்டல் பண்ணிக்கினே கேப்பாங்க" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

முதல் விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு குரலை வைத்து ஜோடியைக் கண்டுபிடிப்பது. யோசனை என்னுடையதுதான். என் மரமண்டைக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. ஷமீமாவின் கண்ணைக் கட்டி, எதிரில் சங்கவி வந்து நின்றபோதுதான் உறைத்தது.

"ஷமீமா, நல்லா கீறியா?" என்றாள் சங்கவி.

"இது சங்கவி இல்ல" என்றாள் ஷமீமா. "சங்கவி இந்த மாரி பேச மாட்டா."

பக்கத்தில் நின்ற நிவேதா பதறிப்போய், "சார், இன்னா சார் பண்றது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், ஷமீமா தடவிக்கொண்டே வந்து நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதோ, இவதான்."

எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஒரு வாக்கியம் போதும். கலைவாணி டீச்சர் பக்கத்தில் நிற்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சங்கவிதான் பேசினாள். "ஆமா, அவதான் சங்கவி. நான் நிவேதா. சும்மா ஏமாத்திப் பாத்தேன்." சொல்லிவிட்டு சிரித்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் எனக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தாள். நான் விட்டுக்கொடுக்க விட்டேன்.

மஞ்சள் பையை நிவேதாவிடம் கொடுத்து, "நீயே குடுத்துடு" என்றாள். மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், ஆளுக்கு 45 ரூபாய். சாப்பிடும்போது ஷமீமா நிவேதாவிடம், "அத்தா அடுத்த மாசம் சவுதியிலருந்து வர்றாரு, சொன்னேன்ல?" என்று கேட்டாள். நிவேதா திருதிருவென்று விழித்தாள். அவள் அப்பா வருவதைப் பதிவில் கேட்டிருந்த சங்கவி, இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மாலை 3.15க்குக் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டில் எல்லோரும் இறங்கியபோது சங்கவி வண்டியிலேயே இருந்தாள். தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். "பரவால்ல சார், ஷமீமா சந்தோஷமாத்தான் இருந்தா" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்கு முன்பே கிளம்புங்கள், டோலில் நேரம் மிச்சம். இருவர் மூவர் போவதென்றால் பஸ் போதும், வகுப்பே போவதென்றால் வேன்தான் நிம்மதி. குடிநீர் கேன் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். பதிவுகளில் இருமலும் தும்மலும் வந்தாலும் அப்படியே அனுப்புங்கள். எந்தப் பிள்ளையின் வாயிலும் கை வைக்காதீர்கள். என்னைப் போல் நிற்கும்படி ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை சங்கவி மேசைக்கு வந்தாள். "சார், இனிமே நான் நிவேதான்னு சொல்லிக்கினுதான் பேசணுமா?" என்று கேட்டாள். குத்தலே இல்லை, வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அங்கேயே போனை எடுத்துக் கலைவாணி டீச்சரை அழைத்து, அவர்கள் வகுப்பை ஸ்மார்ட் போர்டில் வரவழைத்தேன். நான் செய்ததை இரண்டு வகுப்பின் முன்னாலும் சொன்னேன்.

பிறகு ஷமீமா எழுந்து கேமரா அருகே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "கன்னுக்குட்டி கதையெல்லாம் யாரு சொன்னது?"

"அதெல்லாம் சங்கவிதான்" என்றேன்.

"அப்ப அவள பேசச் சொல்லுங்க."

சங்கவி எழுந்து போர்டு முன்னால் வந்தாள். பேச வாயெடுத்தவள் நிறுத்தி, பேசலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.