உள்பக்கத் தாழ்ப்பாள்

வீடு முழுக்க வெள்ளை என்றுதான் ஓனர் சொல்லியிருந்தார். பெயின்டர் உள் அறைக்கு மட்டும் இளமஞ்சள் அடித்துவிட்டார். அது பெயின்டருடைய மகள் ஆசைப்பட்ட நிறம்.

இருபது வருடமாகப் பிறர் வீட்டுச் சுவர்களைத் தேய்த்து, பட்டி பார்த்து, நிறம் ஏற்றுகிறவர். அவர் குடியிருந்தது ஒற்றை அறை. நடுவில் ஒரு துணித்திரை. பதின்மூன்று வயது மகள் உடை மாற்ற வேண்டுமென்றால், "அப்பா, கொஞ்சம் வெளிய" என்பாள். அவர் படியில் போய் நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார்.

அதனால்தான், வேலை முடிந்ததும் வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன் என்று ஓனர் சொன்னபோது வாய் முந்திக்கொண்டது.

"நானே குடி வந்துடுறேங்க."

ஓனர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாசம் என்ன வருது உனக்கு?"

பெயின்டர் ஒரு தொகையைச் சொன்னார். பொய்யில்லை, நல்ல கோடையில் ஒரு மாதம் கைக்கு வந்ததுதான். ஏணியில் நின்றிருந்த கூட்டாளி நெட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி சுவரைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"அதுல பாதி வாடகைக்கே போயிடுமே. சமாளிச்சுக்குவியா?"

"தாராளமா."

அன்று மதியமே மஞ்சளைக் கலந்துவிட்டார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"போன மழை மாசத்துல பதினொரு நாள். ஞாபகம் இருக்கா?"

"சும்மா வீட்டுல இருந்ததா?"

"வேலைக்குப் போனது."

"சுவர் காயலைன்னா நான் என்ன பண்ண முடியும்?"

"உங்களைக் குத்தம் சொல்லலை. சுவர் காயாத மாசம் அந்த ஆளு வாடகை கேக்காம இருப்பாரா? அதை மட்டும் சொல்லுங்க."

திரைக்கு அந்தப் பக்கம், மகள் புத்தகம் புரட்டும் சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் ஓனரிடம் உண்மையைச் சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"வீட்டுல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. இங்க தண்ணி வசதி போதாதாம்."

ஓனர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"சரிப்பா. அந்த ரூமையும் வெள்ளையாக்கிடு. பெயின்டுக்குக் காசு தரேன்."

"வேண்டாங்க. அது என் செலவு."

வீட்டை விட்டதைவிட, மனைவி தலையில் பழியைப் போட்டதுதான் உறுத்தியது.

மஞ்சள் சுலபத்தில் மறையவில்லை. முதல் கோட் வெள்ளைக்கு அடியிலிருந்து அழுக்குப் போல எட்டிப் பார்த்தது.

"ஆசையா அடிச்ச கலருண்ணே. போ போன்னா போகுமா?" என்று நெட்டை சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாளியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான்.

இரண்டாவது கோட் அடிக்கும்போது மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். ஒரு சுவரில் மட்டும் மஞ்சள் பாக்கி இருந்தது. அவர் திரும்பாமல் ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கொஞ்சம் வெளிய."

ரோலரும் கையுமாக வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நெட்டை எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, இங்க நிக்கிறீங்க?"

"உள்ள ஆள் இருக்கு."

துடைத்து வைத்திருந்த தரையில் ரோலரிலிருந்து வெள்ளை சொட்டியது. அதை அவர் கவனிக்கவில்லை. பிறகு தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டும் சத்தம், கதவு திறந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்குப்பா," என்றாள். "எண்ணெய் போட்டு வைங்க. குடி வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

அவர் குனிந்து, சாமான் பைக்குள் எண்ணெய்ப் புட்டியைத் தேடினார். மேலாகவே கிடந்ததை, அவள் படியிறங்கிப் போகும்வரை தேடிக்கொண்டிருந்தார்.