பெக்கோக்கிலிருந்து வரவேண்டிய பதில்

அஞ்சலை அம்மா காலமாகிவிட்டார். இன்று காலை, லாயாங் லாயாங் ஊரில், தம் வீட்டில். அவருடைய மகள் கமலா சற்றுமுன் போனில் உறுதிப்படுத்தினார்.

தூக்கத்திலேயே போய்விட்டாராம். வயது தொண்ணூற்றைந்துக்கு மேல்... ஐசி என்கிற அடையாள அட்டையில் இருப்பது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி குத்துமதிப்பாகப் போட்ட வருடம்.

தர்ஷினி இயக்கும் படத்தைப் பற்றி இங்கே முன்பு எழுதியிருக்கிறேன். முப்பதுகளில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைநிறுத்தம். சில வாரங்கள் கம்யூனிஸ்டு கமிட்டிதான் அங்கே அரசாங்கம். அந்தத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு சிறுமியின் கதை.

அந்தச் சிறுமி அஞ்சலை அம்மா. பேட்டி எடுத்துக் கொடுத்தது நான்.

"தம்பி, நான் பேப்பர்ல வரணும்னா ஒண்ணு சாகணும், இல்ல உனக்குப் பேட்டி குடுக்கணும். பேட்டியே பரவால்லலா," என்றார் முதல் நாள்.

கமிட்டி பிள்ளைகளுக்கும் வேலை கொடுத்திருந்தது. யாராவது வேலைநிறுத்தக் கட்டுப்பாட்டை மீறி ரப்பர் பால் எடுக்கப் போனால் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்ட வேண்டும். தட்டிய பிள்ளைக்கு ரொட்டியில் டின் பால் ஊற்றிக் கொடுப்பார்கள்.

ஒரு விடியற்காலை அப்படிப் போனவர் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா. கைக்குழந்தைக்காரி. அஞ்சலை தட்டினார்.

பொன்னம்மா குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, குழாயடிக்கு விடக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் பாதையோரமாக நடந்து போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பனிமூட்டத்தில் ஆள் தெரியாமல் தட்டிவிட்டதாகத்தான் பேட்டியில் சொன்னார். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அப்படியே படமாக்கினார்கள்.

காஹாங் பக்கம், செம்பனைக்கு நடுவே ரப்பர் மரங்கள் மிஞ்சிய ஒரு துண்டு நிலத்தில் ஷூட்டிங். அம்மாவை அழைத்துப் போய் குடைக்குக் கீழே உட்கார வைத்தோம். புகை மெஷின், சிறுமி, தகரம்... ஒரே டேக். எல்லாரும் கைதட்டினார்கள்.

அம்மா தட்டவில்லை. இப்படி இல்லை என்றார். தகரம் பெரிசா இருக்கா என்று தர்ஷினி கேட்டார்.

"தகரம் எல்லாம் சரிதாம்மா. அன்னிக்குப் பனியே இல்ல. பொன்னம்மாக்கா என்னைப் பாத்து, சத்தம் போடாதேன்னு வாயில விரல் வச்சாங்க. தெரிஞ்சுதான் தட்டினேன்."

யாரும் சொல்லாமலே புகை மெஷின்காரர் மெஷினை அணைத்தார்.

கேன்டீன் பையன் டின் பால் ஊற்றிய தே தாரிக் டீ கொண்டுவந்து நீட்டினான். அம்மா கப்பைத் தள்ளி வைத்தார்... தே ஓ இருந்தா குடு, பால் எல்லாம் அப்பவே விட்டாச்சு.

பனி இல்லாமல் அந்தக் காட்சியை மறுபடி எடுத்தார்கள். முடியும்வரை எழுந்திருக்காமல் பார்த்தார்.

திரும்பும் வழியில் காரில் கேட்டார். "அக்கா இருக்க மாட்டாங்க. அந்தக் கைக்குழந்தை இருக்கும்லா? அதுகிட்டயாவது சொல்லணும் தம்பி."

தேடினேன். வாரா வாரம் அவரே போன் செய்வார், ஏதாச்சும் உண்டா என்று.

போன மாதம் பெக்கோக்கில் ஒரு குடும்பம் கிடைத்தது. படுக்கையில் இருக்கும் மூதாட்டி. தாயின் பெயர் பொன்னம்மா. லாயாங் லாயாங் பக்கத் தோட்டத்திலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததாகத் தாய் சொல்வாராம்.

பொன்னம்மா என்ற பெயர் எந்தத் தோட்டத்தில் இல்லை? இன்னொரு ஆதாரம் கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பத்திரிகை வேலையில், உறுதியாகாததை வெளியே சொல்லாமல் இருந்தே பழகிவிட்டேன்... அவர் என்ன, வாசகரா?

வியாழக்கிழமை கடைசியாகப் பேசினார். ஏதாச்சும் உண்டா தம்பி?

பாத்துக்கிட்டு இருக்கேம்மா, என்றேன்.

"பாரு, பாரு. நான் எங்க போகப் போறேன்," என்று சிரித்தார்.

அம்மா... உங்க போட்டோவைப் பேப்பர்ல போடச் சொல்லிட்டேன். பேட்டிக்கு எடுத்ததுதான்.

இறுதிச் சடங்கு நாளை காலை, லாயாங் லாயாங் வீட்டில்.

பெக்கோக் குடும்பத்தின் மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும், எந்தத் தோட்டம் என்று படுக்கையில் இருக்கும் தாயிடம் கேட்டுவிட்டு என்னை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.