மூடி மேல்பக்கம் இருக்க வேண்டும்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இருவரும் மெக்கானிக். எனக்குத் தலத்தெருவில் பட்டறை, அவனுக்குக் காரைக்கால் கடைத்தெருப் பக்கம். மூத்த மாப்பிள்ளை நான்தான். ஆனால் மாமியார் இறால் குழம்பு வைத்தால் பெரிய இறால் அவன் தட்டில்தான் விழும். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாமனாரிடம் ஒரு மினி லாரி உண்டு. கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றுவார். அந்த வண்டி வேலை மட்டும் என்னிடம் வரும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அது.

மழைக்காலம் முடிந்ததும் முன் சக்கரங்கள் திரும்புகிற அச்சாணியான கிங்பின்னையும், அதில் மாட்டுகிற திரஸ்ட் பேரிங்கையும் மாற்றினேன். அமுக்குகிற பாரத்தைத் தாங்கவே பிறந்தது திரஸ்ட் பேரிங். கிளட்ச்சில் ஒன்று உண்டு. கால் மிதிக்கிற அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். சில கார்களில் ஷாக் அப்சார்பர் தலையில் ஒன்று இருக்கும். இந்த லாரியிலோ முன்பாரம் முழுவதும் கிங்பின்னைச் சுற்றியிருக்கும் அந்தச் சின்ன வட்டத்தின் மேல்தான் உட்காரும். அது கெட்டால் ஸ்டியரிங் திரும்பாது.

மூன்றே மாதத்தில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை அவனிடம் விட்டுவிட்டார். மனைவி சொல்லித்தான் தெரியும். அவனுக்கும் பிடிபடாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே அவன் பட்டறைக்குப் போனேன்.

கிங்பின்னை அப்போதுதான் உருவியிருந்தான். மாமனாரும் பக்கத்தில் நின்றிருந்தார். பேரிங் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது. அதன் மூடி குடைபோல மேல்பக்கம் கவிழ்ந்திருக்க வேண்டும். நான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். அது கிண்ணம்போல மீன் தண்ணீரைத் தேக்கி, உள்ளே எல்லாம் துருவாகிக் கிடந்தது.

"மூணு மாசந்தான் ஆவுது. பெரிய மாப்பிள்ள போட்டதுல என்ன கோளாறு?" என்று மாமனார் கேட்டார்.

சகலை என்னைப் பார்த்தான். நான் குனிந்து கீழே கிடந்த ஸ்பேனரைத் துடைத்தேன்.

"அண்ணன் வேலையில ஒண்ணுமில்ல மாமா. மீன் தண்ணி எறங்கியிருக்கு. உப்பு எதைத்தான் விட்டுச்சு?" என்றபடி அதை எடுத்துப் பழந்துணியில் சுருட்டிவிட்டான். பிறகு புதியதை என்னிடம் நீட்டினான். "நீங்களே போட்டுருங்கண்ணே. உங்க கை பழகுன வண்டி."

வாங்கினேன். பதற்றத்தில் பழையபடி தலைகீழாகவே பிடித்திருக்கிறேன். கிரீஸ் தடவுகிற சாக்கில் அவன் குனிந்து, என் உள்ளங்கையிலேயே அதைத் திருப்பி வைத்தான். மாமனார் கவனிக்கவில்லை.

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அவனை வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

வண்டி மறுபடி என்னிடமே வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து மாமனார் வீட்டில் சாப்பாடு. "பெரிய மாப்பிள்ளைக்கு வையி" என்றார் மாமனார். பெரிய இறால் என் தட்டில் விழுந்தது. சகலை தன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நான்தான் அந்த இறாலைத் தொடாமல் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.