நடுவில் வந்த மங்களம்

வீட்டு ஸ்டீரியோவுக்கு, பாட்டுகளைச் சேமித்துவைத்துப் போடும் மியூசிக் சர்வர் வாங்கத் தில்லைநகர் கடைக்குப் போயிருந்தேன். பெரியவர் ஒருவரும் அதற்காகத்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார். மெலிந்த உடம்பு, நெற்றியில் திருமண், மடியில் மஞ்சள் பை. பென் டிரைவில் ஒரு முழுக் கச்சேரி கொண்டுவந்திருந்தார். பாட்டுத் தொடங்கியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

இரண்டு பாட்டு ஆயிற்று. சர்வர் எல்லாவற்றையும் பெயர் வரிசையில் அடுக்கியிருந்ததால், கடைசியில் வரவேண்டிய மங்களம் மூன்றாவதாக வந்துவிட்டது. அது முடிந்ததும் மனிதர் எழுந்தார். ஸ்பீக்கரைப் பார்த்துக் கைகூப்பினார். பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

விற்பனையாளர் பதறிப்போனார். "என்னங்க சார், சவுண்டு பிடிக்கலைங்களா?"

"பேஷா இருக்கே."

"அப்ப உட்காருங்க சார். இன்னும் நிறைய பாட்டு இருக்கு."

"மங்களம் ஆயிடுத்தேப்பா. அப்புறம் எப்படி உக்காந்துண்டு இருக்கறது?"

கேலியே இல்லை, நிஜமாகவே சங்கடப்பட்டார். விற்பனையாளர் பாட்டை நிறுத்தி, செல்போனில் வரிசையை மாற்றி, தொடக்க வர்ணத்திலிருந்து மறுபடி போட்டார். பெரியவர் திரும்பவும் செருப்பைக் கழற்றினார்.

அதே சர்வரை நானும் வாங்கினேன். வரிசையைச் சரிசெய்வது சின்ன வேலைதான். ஏனோ அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கச்சேரி நடுவில் மங்களம் முடியும்போதெல்லாம் என்னையறியாமல் எழுந்துவிடுகிறேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்கிறாள் மனைவி.