மிஷின் குத்தம்

பிள்ளைகளா, நேற்று சாப்பிடும்போது நீங்கள் இருவரும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "சயின்ஸ் வந்த பிறகு சாமி எதுக்கு?" என்றான் பெரியவன். "உனக்கு சயின்ஸே சாமி ஆயிருச்சு, போடா" என்றாள் சின்னவள். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் உங்கள் வயதில் எனக்கு நடந்த ஒன்றை எழுதிவைக்கிறேன். வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பொட்டிப்புரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளமும் மொச்சையும் வரும். பெய்யாவிட்டால் கள்ளிகூட யோசித்துத்தான் முளைக்கும். கிணறு அமைந்தால் பிழைப்பு உண்டு. அமையாவிட்டால் அப்பா மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்குப் போகவேண்டும். மலைக்குப் போனவர்கள் மாதம் ஒருதரம் வந்தால் அதிகம். எனக்கோ அப்பாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வரும்.

முதல் கிணற்றுக்கு இடம் காட்டியவர் குறி சொல்லும் கோடாங்கி. உடுக்கை அடித்து அருள் வந்து, ஓர் இடத்தில் காலை ஊன்றி நின்றார். வெட்டினோம். பாறைதான் வந்தது. போய்க் கேட்டதற்கு, "நான் நின்ன அன்னைக்கு உங்க வீட்டுல கவுச்சி பொழங்கியிருக்கு. சாமி குத்தம்" என்றுவிட்டார். கருவாடு ஆக்கியது உண்மைதான். அம்மா கோயிலில் பதினோரு குடம் தண்ணீர் ஊற்றி, விளக்குப் போட்டு, மனது ஆறி வந்தாள்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. போடியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. திருநீறு பூசுவதை விட்டு நாலைந்து வருஷமாகியிருந்தது.

"ஏன்க்கா, நீ கருவாடு தின்னா பூமிக்குள்ள இருக்கிற தண்ணி வத்திப்போகுமா?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா" என்றாள் அம்மா.

அவர் சும்மா இருக்கவில்லை. மனுப் போட்டு, அலைந்து, நிலத்தடித் தண்ணீர் பார்க்கும் அதிகாரி ஒருவரை மிஷினோடு வரவழைத்துவிட்டார். அவர் வருகிற அன்று விடியும்போதே மாமா எங்களை எழுப்பி வரிசையாக நிறுத்தினார்.

"எல்லாரும் குளிச்சிட்டு வாங்க. ஒருத்தர் மேலயும் இரும்பு இருக்கப்படாது. மிஷின் முள்ளு தப்பாக் காட்டிரும்."

"கோயில் கும்பிடுக்குக்கூட இம்புட்டுச் சுத்தம் பாத்ததில்லயேடா" என்று முனகிக்கொண்டே அம்மா தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி அடுக்களையில் வைத்தாள். அப்பா இடுப்பிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து வைத்தார். என் டவுசர் பையில் பம்பரம் இருந்தது. முந்தின நாள்தான் புது ஆணி இறக்கியிருந்தேன். வைத்துவிட்டுப் போனால் பக்கத்து வீட்டுப் பயல் அடித்துக்கொண்டு போய்விடுவான். கட்டைக்குள் இருக்கிற ஆணி மிஷினுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அதைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். நாலு கம்பிகளைத் தரையில் அடித்து, வயரை இழுத்து, பெட்டியில் மாட்டினார். பெட்டிக்குள் ஒரு முள் நடுங்கியது. மாமா செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு நின்றார்.

"மாமா, அந்தக் கம்பியும் இரும்புதான?" என்று கேட்டேன்.

"ஏலே, அது கவர்மெண்டு இரும்பு. வாய மூடு."

அதிகாரியின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. அதையும் பார்த்தேன். பூசாரி மட்டும் கருவறைக்குள் போவதில்லையா, அதுபோல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் அதிகாரி ஓர் இடத்தைக் காட்டினார். "எழுபது அடிக்குள்ள தண்ணி கெடைக்க வாய்ப்பிருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துக் கிளம்பினார். சாமி முன்னால்கூடக் கையெடுக்காத என் மாமா, ஜீப்பில் ஏறிய அந்தப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். சாயங்காலம் டீக்கடையில், "எழுபதடியில தண்ணின்னு மிஷினே சொல்லிருச்சு" என்றார். உறுதி இல்லை என்ற வார்த்தை வரப்பிலேயே நின்றுவிட்டது.

பங்குனி வரை வெட்டினோம். எழுபதில் இல்லை. எண்பதிலும் இல்லை. வெடிவைத்து மேலே வந்த கல்லில் ஈரம்கூட இல்லை. மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"மிஷின் பொய் சொல்லாது மச்சான்" என்றார் அப்பாவிடம். "நம்மகிட்டத்தான் குத்தம். அன்னைக்கு யாரோ இரும்பு வச்சிருந்திருக்கீக."

"நான் தாலி ஊக்கக்கூடக் கழட்டி வச்சேனேடா!" என்றாள் அம்மா.

"அப்ப வேற யாரோ."

"கோடாங்கியும் இதத்தான்டா சொன்னாக. அவுகளாச்சும் எங்கன போயி வெளக்குப் போடணும்னு சொன்னாக. நீ அதையும் சொல்ல மாட்டேங்குற."

சொல்லிவிடலாம் என்று வந்தவன், பம்பரம் இருந்த டவுசர் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்பா மட்டும், "விடு மாப்ள. பூமி வயித்துக்குள்ள இருக்கறது ஆருக்குத் தெரியும்" என்றார். திங்கட்கிழமை கம்பளியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்.

இத்தனை வருஷத்தில் விவரம் தெரிந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு பம்பர ஆணி அந்த முள்ளை அசைக்குமா என்று யாரிடமும் கேட்டதில்லை. அசைக்காது என்றுதான் சொல்வார்கள். ஆனால், ஒருவேளை அசைக்கும் என்றுவிட்டால்? அதனால்தான் நேற்று ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அப்பா போன மறுநாள், பள்ளிக்கூடம் விட்டதும் தனியாக எங்கள் நிலத்துக்குப் போனேன். சாமிக்குக் குத்தம் செய்தால் கோயில் இருக்கிறது. மிஷினுக்குச் செய்த குத்தத்துக்கு எங்கே போவது? ஜீப் போன தேவாரம் ரோட்டைப் பார்த்துக் காதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கோயில் பக்கம் திரும்பிப் பன்னிரண்டு போட்டேன். பிறகு அப்பா போன மலையைப் பார்த்துத் திரும்பி, இன்னும் மூன்று போட்டேன். அது யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை.